காற்று வால்வில் ஓடிய நீராவி

போன வாரம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சலவைக் கடைக்குப் போயிருந்தேன். கொடுத்த சட்டைகளை வாங்கத்தான். கடைக்காரருக்கு என் பழைய தொழில் தெரியும். விடுவாரா?

"அங்கிள், இஸ்திரி மெஷினுக்கு ஸ்டீம் பிரஷரைக் குறைக்கிற வால்வு போச்சு லா. பைப் ரெண்டு இஞ்ச். ரெண்டு இஞ்ச் வால்வே வாங்கிடறேன், சரிதானே?"

பைப் அளவைப் பார்த்து வாங்காதீர்கள், எவ்வளவு நீராவி போகிறது என்று பார்த்து வாங்குங்கள் என்றேன். தேவைக்குப் பெரிய வால்வு மாட்டினால் அது முழுக்கத் திறக்காது. மூடுவதும் திறப்பதுமாகப் படபடத்துக்கொண்டே இருக்கும். சீக்கிரமே உள்ளே அரித்துப் போகும்.

தலையாட்டிவிட்டு இன்னொன்று கேட்டார். "டயர் கடை நண்பர்கிட்ட ஏர் கம்ப்ரஸர் வால்வு ஒண்ணு சும்மா கிடக்கு. அதையே மாட்டிக்கலாமா? காத்தும் ஸ்டீமும் ஒண்ணுதானே?"

"மாட்டாதீங்க!"

கத்திவிட்டேன் போலிருக்கிறது. கடையில் துணி மடித்துக்கொண்டிருந்த ஓர் அம்மா திரும்பிப் பார்த்தார்.

ஏன் கத்தினேன்? இத்தனை வருடம் இந்தப் பத்தியில் உங்களிடம் என்னென்னவோ சொல்லியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை.

இந்த நாட்டை ஜப்பான்காரர்கள் ஆண்ட காலம். கிள்ளானில் ஒரு சோப்புப் பட்டறையில் நான் ஃபிட்டர். மொத்தம் ஒன்பது பேர். எண்ணெய் காய்ச்சும் பெரிய இரும்புப் பானைக்கு இரட்டைச் சுவர். இரண்டுக்கும் நடுவே நீராவி ஓடும். பாய்லரிலிருந்து வருவது எண்பது பவுண்டு அழுத்தம். பானை தாங்குவது பதினைந்துதான். நடுவில் நின்று எண்பதைப் பதினைந்தாக்குவது ஒரு வால்வு.

பானையைப் பார்த்துக்கொண்டவர் காதர் நானா. காப்பார் என்ற ஊரிலிருந்து சைக்கிளில் வருவார். டயருக்குப் பதில் கயிறு சுற்றிய சைக்கிள். மதியம் மரவள்ளிக்கிழங்கைப் பிரித்தால் பாதி எனக்கு. "ரெண்டு புள்ளை இருக்கு உனக்கு, நீதான் சாப்பிடணும் தம்பி" என்பார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை.

ஒருநாள் வால்வு கெட்டது. கழற்றினால், உள்ளிருக்கும் மெல்லிய வெண்கலத் தகடு விரிசல் விட்டிருந்தது. பைப்பில் வரும் துருவையும் மண்ணையும் பிடிக்க வால்வுக்கு முன்னால் ஒரு சல்லடை உண்டு. அதை மாதா மாதம் கழற்றிக் கழுவ வேண்டியது என் வேலை. எத்தனை மாதம் கழுவவில்லை? எனக்கே தெரியவில்லை. வலை கிழிந்து, குப்பையெல்லாம் வால்வுக்குள் போயிருந்தது.

புது வால்வுக்கு எங்கே போவது? கப்பலா வருகிறது? பட்டறை நின்றால் ஒன்பது பேருக்கும் வேலை இல்லை. வேலையில்லாதவனை அப்போது எங்கே ஏற்றினார்கள் என்று உங்களுக்குத் தெரியும்... சயாம் மரண ரயில் பாதைக்கு.

மூடிக்கிடந்த ஒரு டயர் பட்டறையில் காற்றுக்கான வால்வு ஒன்று கிடைத்தது. உள்ளே தகடு இல்லை. ரப்பர். காற்றுக்கு அது போதும். நீராவியின் சூட்டில் ரப்பர் வெந்து, இறுகி, ஒருநாள் கிழியும். தெரியும். தெரிந்தேதான் மாட்டினேன்.

காதர் நானா எட்டிப் பார்த்தார். "தாங்குமா தம்பி?"

"தாங்கும் நானா. நான் பார்த்துக்கறேன்."

ரப்பர் விளையும் நாட்டில் பதினைந்து நாளைக்கு ஒரு ரப்பரை வெட்டி மாற்றியிருக்க முடியாதா? மாற்றியிருக்கலாம். முதல் மாதம் மாற்றினேன். பிறகு... ஓடுகிறதே என்று விட்டுவிட்டேன். அழுத்தம் எகிறினால் திறந்துகொள்ள வேண்டிய சேஃப்டி வால்வு பானைப் பக்கம் துருவேறி ஒட்டிக்கிடந்தது. அதையும் நான் இழுத்துப் பார்க்கவில்லை.

ஒரு காலை, ரப்பர் கிழிந்தது. எண்பது பவுண்டும் நேராகப் பானைக்குப் போனது. பைப் இணைப்பு பிய்த்துக்கொண்டு, நீராவி காதர் நானாவின் வலது கையிலும் முகத்தின் ஒரு பக்கத்திலும் அடித்தது. ஓடிப்போய்ப் பாய்லர் பக்கம் அடைத்தேன். அவரைச் சுவரோரம் உட்கார வைத்தேன். தோல் என் கையோடு வந்தது.

ஜப்பான் அதிகாரி வந்தான். "சியாப்பா புவாட்?" யார் செய்தது என்று மலாயில் கேட்டான். இயந்திரத்தைக் கெடுத்தவன் என்று பெயர் வந்தால் அழைத்துப் போவார்கள். திரும்பி வருவது சந்தேகம்.

"சாயா, துவான்" என்றார் காதர் நானா. நான்தான், ஐயா. வால்வைச் சுற்றிப் போகும் பைபாஸ் பைப்பைத் தவறுதலாகத் திறந்துவிட்டதாகச் சொன்னார்.

அதிகாரி அவரை அறைந்தான். வேகாத கன்னத்தில். நான் பக்கத்திலேயே நின்றேன்.

அவன் போனபின், "ஏன் நானா?" என்றேன்.

"இந்தக் கை இனி வேலைக்கு ஆகாது. உன்னையும் புடிச்சிட்டுப் போனா யாருக்கு லாபம்? போய் வால்வைச் சரி பண்ணு."

மற்ற எட்டுப் பேரும் தப்பினோம். ஒருவரும் சயாம் போகவில்லை. அதைச் சொல்லித்தான் பல வருடம் என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன்.

ஜப்பான் சண்டை முடிந்ததும் காப்பாருக்குப் போனேன். உண்மையை அவர் மனைவியிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். காதர் நானா ஜுரத்தில் போய் மூன்று மாதமாகியிருந்தது. அந்த அக்கா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கறுப்புக் காப்பி கொடுத்தார்.

"அவுக கவனமில்லாம எதையோ தொறந்துவிட்டாகளாம். அதனால உங்களுக்கெல்லாம் எவ்வளவு தொந்தரவு... மனசுல வச்சுக்காதீக தம்பி."

நானா தன் மனைவியிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை!

நான் காப்பியைக் குடித்தேன். "பரவாயில்லக்கா" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.