பரிசு ரோஜாவும் துரையின் மூக்கும்

போட்டிக்கு ரோஜா வளர்க்கிறவனுக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் பூ பூக்கும். மற்ற நாளெல்லாம் கவலைதான் பூக்கும். இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதரர்களே, நான் சொல்வது உங்களுக்குப் புரியும்.

மிஷன் பங்களாத் தோட்டத்தில் வேலை பழகிய நான், திருநெல்வேலியில் ஒரு வக்கீல் வீட்டில் முப்பது ரோஜாச் செடிகளுக்குக் காவலாக இருந்தேன். பாளையங்கோட்டைப் புஷ்பக் கண்காட்சியில் இரண்டு வருஷமாக ஒரு ரிட்டயர்டு தாசில்தாரின் ரோஜாவிடம் தோற்றுப்போயிருந்தோம். மூன்றாம் வருஷம் வக்கீல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: “ஞானமுத்து, இந்தத் தடவையும் தோத்தோம்னா செடியைப் பிடுங்கிட்டு வாழை வச்சிருவேன். வாழையைப் பாக்க நீர் வேண்டாம் வே.” வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். அந்தச் செடிகளை வேரோடு பிடுங்குவதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

ஒற்றைப் பிள்ளை

பூ பெரிதாக வேண்டுமானால் கிளைக்கு ஒரு மொட்டை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட வேண்டும். நமக்கு இது பாலபாடம். பார்க்கிறவர்களுக்கு அப்படி இல்லை. ஒரு நாள் காலை நான் மும்முரமாகக் கிள்ளிக்கொண்டிருந்தபோது மோர் விற்கும் பேச்சியம்மாள் பானையை இறக்கி வைத்துவிட்டு வேலியோரம் நின்று பார்த்தாள். கூடை நிறைய மொட்டுகள். நான் காரணத்தை விளக்கமாகச் சொன்னேன். அவள் பானையைத் திரும்பத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

“ஒத்தப் புள்ளை கொழுகொழுன்னு இருக்கணும்னு மத்த புள்ளைகளையெல்லாம் கழுத்தைத் திருகுத வீட்டை இன்னைக்குத்தான் பாக்கேன்.”

சைவச் செடி

வக்கீல் வீடு சுத்த சைவம். மீன் என்ற பேச்சே வாசலுக்குள் வராது. ஆனால் ரோஜாவுக்குக் கருவாட்டுத் தூளைப் போல ஒரு உரம் கிடையாது என்று எனக்கு மிஷன் தோட்டத்திலேயே தெரியும். வக்கீலம்மா கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துச் செடிக்கு ஒரு பிடி புதைத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ரத வீதிப் பூனைகள் அத்தனையும் எங்கள் தோட்டத்தில் கூடி மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தன. வக்கீல் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். நான் உண்மையை ஒப்புக்கொண்டேன். அவர் அம்மா இருக்கும் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து மொட்டைப் பார்த்தார். எலுமிச்சம்பழ அளவுக்கு இருந்தது.

“செடி என்ன தின்னுதுன்னு செடிதான் வே சொல்லணும். நாம சொல்லுவானேன்?”

வண்டியில் யார்?

கண்காட்சி அன்று முழங்கை நீளக் காம்போடும் இலையோடும் ஒரே பூவை வெட்டி, தண்ணீர்ச் செம்பில் நிறுத்தி, வில்வண்டியில் மடியில் வைத்துக்கொண்டேன். வக்கீல் பக்கத்தில் உட்கார்ந்ததும் வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் உடம்பு அப்படி. பூ இடிபட்டுவிடும் என்று நான் அலறினேன். பாவம், மனிதர் இறங்கிவிட்டார். வண்டிக்காரனிடம், “பைய ஓட்டுலே” என்று சொல்லிவிட்டு, தலைப்பாகையும் கறுப்புக் கோட்டுமாக ஆற்றுப்பாலம் முழுவதும் பின்னாலேயே நடந்து வந்தார். எதிரே வருகிறவர்கள் எல்லாம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள். வக்கீல் பின்னாலிருந்து முணுமுணுத்தார்:

“கட்சிக்காரன் எவனாவது பாத்தா, வக்கீலு வண்டியில போறாரு, குமாஸ்தா நடந்து வாரான்னு உமக்குக் கேஸைக் கொடுத்திருவான் வே.”

மோந்தாரா, இல்லையா?

கிளம்பும்போது வக்கீலம்மா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். “பரிசு கெடைச்சா அந்தப் பூ காந்திமதி அம்மைக்குன்னு நேந்திருக்கேன். நேத்திக்கடன் தப்பிச்சுன்னா ஒரு செடி அங்கன நிக்கப்படாது.” மோந்த பூ சாமிக்கு ஆகாது. நடுவராக வருகிற வெள்ளைக்காரத் துரை மோந்து பார்க்காமலா ரோஜாவுக்குப் பரிசு கொடுப்பார்?

தாசில்தாரின் ரோஜா சின்னதுதான். ஆனால் பந்தல் முழுக்க மணந்தது. எங்களுடையது பெரிது, மணம் கொஞ்சம் கம்மி. நடுவர் துரை சிவந்த மூக்கும் கைக்குட்டையுமாக வந்தார். தாசில்தார் பூவில் மூக்கை வைத்து இரண்டு தடவை இழுத்தார். தலையை ஆட்டிவிட்டுத் தும்மினார். எங்கள் பூவிலும் மூக்கை வைத்து இழுத்தார், மறுபடியும் தும்மல். கடும் ஜலதோஷத்தில் துரைக்கு மணமே தெரியவில்லை, பூவின் அளவையும் அமைப்பையும் மட்டும் பார்த்துத் தீர்ப்பு என்று துரையோடு வந்த குமாஸ்தா சொன்னார். முதல் பரிசு எங்களுக்கு. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. துரை மோந்ததைப் பார்த்த வக்கீலின் முகம் மட்டும் தெளியவில்லை.

வீட்டு வாசலிலேயே அம்மா கேட்டார்கள்: “யாராவது மோந்தாகளா?” ஊரையே குறுக்கு விசாரணை செய்கிற வக்கீல் செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டார். எனக்குப் பொய் வரவில்லை. துரை மோந்ததையும் மூக்கடைப்பையும் சொன்னேன். முப்பது செடிகளையும் அப்போதே பிடுங்கிப் போட்டதுபோல் இருந்தது.  அம்மா பூவை வாங்கி, நான் மாதக்கணக்கில் பொத்திப் பொத்தி வளர்த்த அந்த முழங்கைக் காம்பைப் படக்கென்று ஒடித்துப் போட்டுவிட்டு, பூவை மட்டும் தாம்பாளத்தில் வைத்தார்கள்.

“மணம் உள்ள போனாத்தான மோந்த கணக்கு? அந்தத் தொரை சும்மா மூஞ்சியைக் கொண்டுபோய் வச்சிருக்காரு, அவ்வளவுதான்.”

ஆக, சகோதரர்களே, மண்ணும் தண்ணீரும் உரமும் நம் கையில் இருந்தாலும், நம் பிழைப்பு என்னவோ யாரோ ஒருவருடைய மூக்கில்தான் இருக்கிறது.