ஆறாம் வகுப்புக்கு ஒரு கைநாட்டு

1973 ஜூன் மாதம். அம்சம் ஐந்தாவது முடித்த கையோடு, பண்ணை ஏஜெண்டு இராஜாங்கம் அவள் தெருவுக்கு வந்தார். கூலிப் போராட்டத்துக்குப் பிறகு இரண்டு வருஷமாக அந்தப் பக்கம் தலைகாட்டாதவர். நடவு வேலை செய்யும் வைரக்கண்ணுவின் வாசலில் சைக்கிளை நிறுத்தி, அவள் மகள் அம்சத்தைக் கீழப்பண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது சேர்க்கச் சொன்னார். பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, கைநாட்டு வைத்தால் போதும் என்றார்.

வைரக்கண்ணு தாளை வாங்கிக்கொண்டாள்; கைநாட்டு வைக்கவில்லை. குடிசை இருந்த மனை பண்ணையுடையது. குடியிருப்பவருக்கே மனை என்று சட்டம் வந்தும் பட்டா கைக்கு வரவில்லை. பக்கத்து ஊரில் ஒருத்தியிடம் இப்படித்தான் கைநாட்டு வாங்கி, அவளே மனையை விட்டுக்கொடுத்ததாக ஆக்கிவிட்டார்கள்.

"தாளு இருக்கட்டும் ஐயா. யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

மறுநாள் நடவுக்குப் போகாமல் மகளோடு கீழப்பண்ணைக்குப் போனாள். ஓட்டுக் கட்டடம், பெஞ்சு, அடிபம்பு, வகுப்புக்கு ஓர் ஆசிரியர். தலைமையாசிரியர் அம்சத்திடம் ஒரு கேள்விகூடக் கேட்காமல் நாளைக்கே வரட்டும் என்றார். அந்த அவசரம் வைரக்கண்ணுவுக்குப் பிடிக்கவில்லை. மணி அடித்ததும் துடைப்பத்தை எடுத்த இரண்டு பிள்ளைகளும் அவள் தெருப் பிள்ளைகளாகவே இருந்ததையும் பார்த்தாள்.

அங்கிருந்து இரண்டு மைல் நடந்து வடகரைப் பள்ளிக்கூடம் போனாள். ஒழுகும் கீற்றுக் கொட்டகை. ஆறு முதல் எட்டு வரை மூன்று வகுப்பையும் சேக் தாவூது என்ற ஒரே ஆசிரியர் பார்த்துக்கொண்டிருந்தார். போன மாதம்தான் அவர் மேல் யாரோ புகார் மனு போட்டிருந்தார்கள். அதனால் வைரக்கண்ணுவை யார் அனுப்பியது என்று இரண்டு தரம் கேட்டார். பிறகு அம்சத்துக்கு ஒரு வகுத்தல் கணக்குக் கொடுத்தார். தப்பாகப் போட்டாள். சரியாக வரும்வரை விடவில்லை.

அதைப் பார்த்த பிறகுதான் வைரக்கண்ணு மடியிலிருந்த ஏஜெண்டு தாளை எடுத்து அவரிடம் கொடுத்தாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் பாரம்தான், வேறு ஒன்றுமில்லை என்றார் அவர். அவள் ஒவ்வொரு வரியாகத் திரும்பப் படிக்கச் சொன்னாள். பிறகு, இதற்கு ஏஜெண்டு ஏன் சைக்கிள் மிதித்து வர வேண்டும் என்று கேட்டாள்.

தாவூது தாளை மடித்து அவளிடம் கொடுத்தார். "அங்க ஆறாவதுல மூணு புள்ள குறையுது. சேரலைன்னா ஒரு டீச்சரை மாத்திடுவாங்க. அந்த டீச்சரு ஏஜெண்டு மருமகம்மா. இங்க சேத்தா எனக்கும் நல்லதுதான். ஆனா மூணு வகுப்புக்கும் நான் ஒருத்தன்தான்."

இவருக்கும் பிள்ளை வேண்டும், ஆகவே இவர் சொல்வதையும் அப்படியே நம்ப முடியாது என்று நினைத்துக்கொண்டாள். சாயங்காலம் கீழப்பண்ணைப் பள்ளிக்கூட வாசலில் நின்று, மருமகள் பிரகதாம்பாளிடம் நேராகவே கேட்டாள்.

பிரகதாம்பாள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "நெசந்தாங்க. கைக்குழந்தைய வச்சுக்கிட்டு என்னால வேற ஊரு போக முடியாது. மத்த ரெண்டு புள்ள கெடைச்சாச்சு. உங்க பொண்ணும் வந்தா நான் இங்கயே இருக்கலாம்."

அந்த வீட்டு ஆட்கள் வைரக்கண்ணுவை ஏவியிருக்கிறார்கள். தங்களுக்கு இது வேண்டும் என்று அவளிடம் ஒருநாளும் கேட்டதில்லை; இவள்தான் முதலில் கேட்கிறாள். "அப்படின்னா நானும் சொல்லிடுறேன் டீச்சர். எம் பொண்ணு முதல் பெஞ்சுல உக்காரணும். தொடப்பம் எடுக்குறதா இருந்தா எல்லாப் புள்ளையும் எடுக்கட்டும்."

பிரகதாம்பாள் ஒத்துக்கொண்டாள். பாரத்தை முழுக்க எழுத வைத்து, காலியாக விட்ட இடத்திலெல்லாம் கோடு இழுக்கச் சொல்லி, அதன் பிறகே வைரக்கண்ணு கைநாட்டு வைத்தாள்.

பெருக்குவதற்கு முறை வைத்தார்கள். தலைமையாசிரியர் முணுமுணுத்தார், தடுக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க மதிய வேளையில் சேற்றுக் காலோடு வைரக்கண்ணு ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பாள்; முதல் பெஞ்சைப் பார்த்துவிட்டுப் போவாள். சனிக்கிழமை தோறும் கணக்குக்கு மகளை வடகரைக்கு அனுப்பினாள்.

எட்டாவது தேறியதும் அம்சம் கூத்தாநல்லூர் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தாள். முதல் நாள் பஸ் ஏற்றிவிட்டபோது, பள்ளிக்கூடத்துப் பக்கம் பஸ் நிற்குமா என்று வைரக்கண்ணு கண்டக்டரிடம் கேட்டாள். நிற்கும் என்றார். முன்பக்கம் போய் டிரைவரிடமும் கேட்டாள்.