எல்லாருக்குமாக வாங்கின புத்தகமும் மக்கீன் நானாவின் வாயும்

மக்கீன் நானாவின் குரல் காதில் விழாமல் கொழும்புப் புறக்கோட்டையின் நடைபாதைப் பேமண்டில் ஒருத்தரும் நடந்திருக்க மாட்டார்கள். இடுப்பில் உடுத்துகிற சாரம் விற்கிற மனிசன். சிங்களத்திலும் கூவுவார், தமிழிலும் கூவுவார். மாளிகாவத்தை ஃபிளட்டில் வீடு, பிள்ளைகளின் படிப்பு, எல்லாம் அந்த வாய் உழைச்சுக் கொடுத்ததுதான்.

போன வருசம் பக்கவாதம் அடிச்சது. கை காலாவது மெல்ல மெல்லத் திரும்பி வந்தது, வாய் வரவில்லை. நினைக்கிறதெல்லாம் உள்ளே இருக்கும், வெளியே வருவது "ம்" மட்டும். மகள் ஷிம்னாவுக்கு வெள்ளவத்தையில் மாப்பிள்ளை பேசி முடிச்சிருந்த நேரம் அது. நிக்காஹ்வில் தகப்பன் தன் வாயால் மகளைத் தந்தேன் என்று சொல்ல வேணும். முடியாவிட்டால் பொறுப்பை வேறொருத்தருக்குக் கொடுக்கலாம், தலையாட்டினால் போதும், மார்க்கத்தில் இடமிருக்கு என்று பள்ளிவாசலில் ஆறுதல் சொன்னார்கள். நானா தலையாட்டினார். மாட்டேன் என்றுதான் ஆட்டினார்.

கிளினிக் மிஸ் ஒரு புத்தகத்தைப் பற்றிச் சொன்னா. வாய் போனவர்களுக்குப் படம் காட்டிப் பேச்சுப் பழக்குகிற தமிழ்ப் புத்தகம். எழுதினது வெள்ளவத்தை ஜீவராணி, பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவ. அச்சு நின்று கனகாலம். உரிமை பதிப்பகத்தின் கையில் இருந்ததால் ஒருத்தரும் நகல் எடுக்க முடியாமல் கிடந்தது. பிறகு முன்பின் தெரியாத சனம் இணையத்தில் சேர்ந்து, ஆளுக்குக் கொஞ்சம் சல்லி போட்டு, பதிப்பகம் கேட்டதைக் கொடுத்து, அந்தப் புத்தகத்தை எல்லாருக்கும் திறந்து விட்டார்களாம். போனில் சும்மா இறக்கலாம். நானாவின் மனைவி ஷஹீமா நம்பவில்லை. வியாபாரி பெண்சாதி.

"சும்மா தாற சாமான்ல எங்கயாச்சும் ஓட்டை ஈக்கும்," என்றா.

ஓட்டை இல்லை. படங்கள்தான் நானாவுக்குப் பழக்கமில்லாதவை. அப்பா, கோயில், தேர், பனங்காய். நாள் கணக்காக மல்லுக்கட்டினார், யாழ்ப்பாணத்தார் சொல்லுகிற "ஓமோம்" ஒன்றுதான் வந்தது. பேமண்ட் கூட்டாளி தாஸிமுக்குப் பகிடி பண்ண அது போதும்.

"நானா, இந்த முறை நல்லூருக்குத் தேர் இழுக்கப் போறீங்களா?"

நானாவும் சிரிச்சார். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஷிம்னா பஸ் ஏறிப் போய், படங்களை மாற்ற அனுமதி தருவீங்களா என்று ஜீவராணியைக் கேட்டாள்.

"என்னட்ட ஏன் பிள்ளை கேக்கிறீர்? காசு போட்ட ஆக்கள் வாசிக்க மட்டும் வாங்கேல்லை. மாத்திறதுக்கும் சேர்த்துத்தான் வாங்கினவை. இரும், நானும் வாறன்."

வந்தா. இரண்டு பேரும் இருந்து மாற்றினார்கள். அப்பா வாப்பாவானார். கோயில் இருந்த இடத்துக்குப் பள்ளி வந்தது. தேருக்குப் பதிலாக, சாரம் அடுக்கின பேமண்டை தாஸிம் படம் பிடிச்சுக் கொடுத்தான். அதைக் கண்டதும் நானாவின் வாய் கோணி, இழுத்து, "சா... சாரம்" என்றது. ஷஹீமா குசினியிலிருந்து அகப்பையோடு ஓடி வந்தா.

கடைசிப் பக்கத்தில் ஷிம்னா நிக்காஹ் வசனத்தைத் துண்டு துண்டாக எழுதினாள். தன் கல்யாணத்துக்குத் தகப்பனுக்குப் பாடம் எடுத்த பிள்ளை அவள். மாற்றின புத்தகத்தையும் இணையத்தில் ஏற்றிவிட்டார்கள், தேவைப்பட்டவன் எடுத்துக்கொள்ளட்டும் என்று.

சல்லி போட்டவர்களில் ஒருத்தரையும் நானா கண்டதில்லை. கனடாவில் ஒருத்தராம், மட்டக்களப்பில் ஒரு நர்ஸாம், பேர் வேண்டாம் என்றவர்கள்தான் அதிகமாம். தொழுதுவிட்டுக் கையேந்தி, "அவங்க... அவங்க..." என்பார். அதுக்கு மேலே சொல் வராது. படைச்சவனுக்கு விளங்கும்.

கொட்டாஞ்சேனை மண்டபத்தில் நிக்காஹ். நானா மாப்பிள்ளையின் கையைப் பிடிச்சார்.

"என்ட... மகள்... ஷிம்னாவ..."

அங்கே நின்றுவிட்டது. நெத்தி வேர்த்தது. நிக்காஹ் எழுதுகிற பதிவுகாரர் மீதியை எடுத்துக் கொடுக்கப் பார்த்தார். நானா மற்றக் கையால் அவரை நிறுத்தினார்.

"...உங்களுக்கு... நிக்காஹ் செஞ்சு தந்தேன்."

பேமண்ட் ஆட்கள் எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள், தாஸிம் உட்பட. நானா கையை விட்டு, சுற்றிப் பார்த்தார். எல்லாரும் சுற்றியிருந்து ஒரே தட்டில் சாப்பிடுகிற சஹன் இன்னும் வரவில்லை.

"என்ன பாக்குறீங்க? சோத்துச் சஹன வைங்க."

அதை அவருக்கு ஒருத்தரும் பழக்கவில்லை.