இரத்தத் தடத்தில் வெள்ளைத் தாள்கள்

பேய், ஆவி என்று எவராவது தொடங்கினால் எழுந்து போய்விடுகிறவன் நான். அவற்றை நான் ஒருபோதும் நம்பியதில்லை. ஆகவே நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் எழுந்து போனாலும் குறை சொல்லமாட்டேன். ஆனால், ஜெயத்தைப் பெரிய வில்வேட்டைக்காரன் என்று என் முன்னால் மட்டும் சொல்லாதீர்கள். அதை என்னால் இன்றைக்கும் பொறுக்க முடிவதில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. கனடாவில், பிறம்ரன் நகரில் ஒரு களஞ்சியசாலையில் ஜெயமும் நானும் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்தோம். அங்கே வேலைபார்த்த கனடியர் ஒருவரிடம் நான் வில்வேட்டை பழகினேன். மூன்று இலையுதிர்காலங்கள் காட்டுக்குப் போயும் ஓர் அம்புகூட விடாமல் திரும்பினேன், ஏனென்றால் நெஞ்சில்தான் தைக்கும் என்ற உறுதி ஒருமுறையும் வரவில்லை. ஜெயமோ கப்பிகள் பூட்டிய புது வில் ஒன்றை வாங்கி, ஒரு கோடைகாலம் வைக்கோற்கட்டுக்கு எய்துவிட்டு என்னோடு புறப்பட்டான். எத்தனை தூரத்தில் எய்தான் என்பதைக் கொண்டு வில்லாளியை அளக்கிறார்கள், அபத்தம்! எய்யாமல் இருக்கத் தெரிந்தவனே வில்லாளி. எய்துவிட்டால், இரத்தம் போன வழியே போய் அந்த உயிரைக் காணும்வரை வீடு திரும்பாதவனே வில்லாளி.

றிச்மண்ட் ஹில்லுக்கும் வடக்கே ஒரு மணி நேரம் போனால் வரும் தனியார் காடு அது. உரிமையாளர் எங்கள் இருவருக்கு மட்டுமே அனுமதி தந்திருந்தார். தனித்தனிக் கார்களில் போயிருந்தோம். காலை பத்து மணியளவில் ஜெயம் எய்தான்.

"அண்ணை, பட்டிட்டுது! கண்டனீங்களே? ஐம்பது மீற்றர்!"

"எங்கையடா பட்டது?"

"மானிலைதான்!"

ஊடுருவிப் போய் மண்ணில் குத்திநின்ற அம்பை எடுத்து முகர்ந்தேன். பச்சை நீர், குடல் நாற்றம்.

"வயித்திலை பட்டிருக்கு. உது கிடந்து துடிக்கப்போகுது. வா, தேடுவம்."

"ஐயோ அண்ணை, ரண்டு மணிக்கு மார்க்கம் நகரத்திலை மச்சாளின்ரை மகள் பெரியபிள்ளையானதுக்குச் சாமத்தியவீடு. பிந்தினால் மனிசி என்னைத் தோலுரிச்சுப்போடுவாள். விடுங்கோ, நரி தின்னட்டும்."

"நரிக்குத் தீன் போடவோ எய்தனீ?"

"உங்களோடை வந்தால் வேட்டையோ தேவாரமோ எண்டு தெரியேல்லை," என்று சிரித்தபடி காரில் ஏறிப் போய்விட்டான். ஆம், சிரித்தான்!

வயிற்றில் பட்ட மான் துரத்தினால் எழுந்து ஓடும், சில மணி நேரம் படுக்கவிட்டுத்தான் தேடவேண்டும். ஆனால் வானம் இருண்டுகொண்டு வந்தது. மழை இரத்தத்தைக் கழுவிவிட்டால் அது எங்கோ கிடந்து அணுவணுவாகச் சாகும். கோபத்தோடு தனியே நடந்தேன். துளி கண்ட இடத்திலெல்லாம் கை துடைக்கும் வெள்ளைத் தாளில் ஒரு துண்டு கிழித்து வைப்பது வேட்டையில் வழக்கம். திரும்பிப் பார்த்தால் மான் போன திசை தெரியும். ஏழு துண்டு வைத்தேன். மழை பிடித்துக்கொண்டது. எட்டாவது துளி கிடைக்கவேயில்லை.

அப்போதுதான் முன்னால், நான் கால் வைத்தே இராத இடத்தில், ஒரு வெள்ளைத் தாளைக் கண்டேன்.

யாரோ மானைத் திருட வந்துவிட்டான் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஆரடா அது?" என்று தமிழிலேயே கத்தினேன். தாளைத் தூக்கினேன், அடியில் இரத்தத் துளி. நம்பினால் நம்புங்கள், நான் தலைமுதல் கால்வரை நனைந்து நிற்கிறேன், அந்தத் தாளோ காய்ந்து மொறுமொறுவென்று இருந்தது. சேற்றில் மானின் குளம்பும் என் சப்பாத்தும் தவிர வேறு சுவடு இல்லை. அப்பால் இன்னொரு தாள், அதற்கப்பால் இன்னொன்று. பயத்தைவிட மானின் நினைவே பெரிதாக இருந்தபடியால் நடந்தேன்.

ஒரு கேதுரு மரத்தடியில் மான் படுத்திருந்தது. என்னைக் கண்டு தலையைத் தூக்கியது, எழும்ப முடியவில்லை. மிக அருகிற் போய் நெஞ்சில் ஓர் அம்பு விட்டேன். என் வாழ்நாளில் நான் உயிர்மேல் விட்ட ஒரே அம்பு அதுதான். உடனே அடங்கிவிட்டது.

நிமிர்ந்து பார்த்தேன். தாள்கள் முடியவில்லை.

மானைக் கடந்து, சதுப்பு நிலத்தை நோக்கி, ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. முதலாவதைத் தூக்கினேன். அடியில் இரத்தம், தொட்டேன், சூடாக இருந்தது. மான் அந்தப் பக்கம் போகவில்லை, விழுந்த இடத்திலேயே கிடந்தது. ஜெயம் எய்தது ஒரேயோர் அம்பு. நான் தாளை இருந்தபடியே வைத்துவிட்டு, மானின் பின்னங்கால்களைப் பிடித்து இழுத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் காருக்கு ஓடிவந்தேன்.

மறுநாள் ஜெயம் வந்து கொம்பை வாங்கிப்போய் வரவேற்பறையில் மாட்டினான். "ஐம்பது மீற்றர், ஒரே அம்பு!" என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறான். இரத்தத்தை விட்டுவிட்டுப் போனவன் நீ என்று அத்தனைபேர் முன்னிலையிலும் அவன் முகத்துக்கு நேரே சொல்ல ஒவ்வொரு முறையும் எழும்புகிறேன், மானுக்கு அப்பால் நான் விட்டுவந்த தாள் நினைவுக்கு வர உட்கார்ந்துவிடுகிறேன். அந்தத் தாளின் அடியில் நான் கண்ட இரத்தம் சின்னச் சின்னக் குமிழிகளாய் நுரைத்திருந்தது. நுரைத்த இரத்தம் நுரையீரலிலிருந்து வருவது. சிந்தியது எதுவோ, அது அப்போதும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.