கார்த்திகை மாதத்து ஞாயிற்றுக்கிழமைகள்

கல்யாணமாகி முதல் இரண்டு வருஷம் நானும் என் கணவரும் மனம்விட்டுப் பேசிய இடம் என்றால் அது லைட் ஹவுஸ் பக்கத்து மணல்தான். அதுவும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும், இருட்டும் வரைக்கும். மற்ற நேரமெல்லாம் நாங்கள் பேசியது உப்பு போதுமா, சட்டை இஸ்திரிக்குப் போயாச்சா என்ற வகையில்தான்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு பழைய வீட்டின் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். மாமனார், மாமியார், காலேஜில் படிக்கும் நாத்தனார், நாங்கள் இருவர். எங்கள் அறைக்கும் கதவு இருந்தது. ஆனால் பீரோ, அரிசி டின், நாத்தனாரின் புத்தகங்கள் எல்லாம் அந்த அறையில்தான் என்பதால் அதைச் சாத்தும் வழக்கமில்லை. யாரும் பொல்லாதவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மாமியார் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. நாங்கள் குரலைத் தாழ்த்தினால் மட்டும் அடுத்த அறையில் ரேடியோ சத்தமும் தாழ்ந்துவிடும்.

ஹோட்டலில் உட்கார்ந்து பேசியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். மயிலாப்பூர் ஹோட்டலில் எங்களைத் தெரிந்தவர் இல்லாத மேஜை ஏது? கோயில் பிரகாரத்தில் பேசினாலோ, நாங்கள் வீடு திரும்புமுன் பேச்சு வீடு போய்ச் சேர்ந்துவிடும். அவருக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் வேலை, எனக்குத் தேனாம்பேட்டையில் டைப் அடிக்கிற வேலை. ஆளுக்கொரு பஸ். ஆகவே கடற்கரைதான். அங்கே அலைச் சத்தத்தில் யார் என்ன பேசினாலும் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது.

அந்த வருஷம் ஐப்பசிக் கடைசியில், என்னோடு ஆபீஸில் வேலை பார்த்தவள் ஒரு சேதி கொண்டுவந்தாள். திருவான்மியூரில் அவள் அக்கா வீட்டு மாடி காலியாகிறதாம். ஒரு ரூம், ஒரு சமையலறை. கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவள் சிரித்தாள், உண்டு என்றாள். மார்கழியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். தை வரைக்கும் மாடியைப் பூட்டி வைக்க அவள் அக்காவுக்கு மனமில்லை. கார்த்திகைக்குள் வருகிறோமா இல்லையா என்று சொல்லிவிட வேண்டும்.

அன்று சாயங்காலமே மாடிப்படியில் அவரை மடக்கினேன்.

"திருவான்மியூர்ல ஒரு ஆத்து மாடி காலியாறது. நாம தனியாப் போயிடலாமா?"

அவர் மேல்படியைப் பார்த்தார், கீழ்ப்படியைப் பார்த்தார். "ஞாயித்துக்கிழமை பீச்சுல பேசிக்கலாம்" என்றார். முடியாது என்று சொல்லவில்லையே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வாரம் முழுக்க மனசுக்குள் ஸ்டவ் வாங்கினேன், திரை தைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மேகம் கூடியது. "மழை வராப்பல இருக்கே" என்று அவர்தான் முதலில் சொன்னார். வந்தது. கொட்டித் தீர்த்தது. வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு நிலை என்றது ரேடியோ. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் அது புயலாகிவிட்டது. கரண்ட் இல்லை. தெருவில் முழங்கால் அளவு சாக்கடை கலந்த தண்ணீர். இரண்டு அறைக்கும் குறுக்கே கொடி கட்டி, காயாத புடவையும் வேட்டியும் ஜமுக்காளமும் தொங்கின. பூஞ்சை நாற்றம் தலைமுடியில்கூட ஏறிவிட்டது. மெழுகுவர்த்தியைச் சுற்றி ஐந்து பேரும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தோம். தி.நகரில் துணி எடுக்கப் போக முடியவில்லை என்று நாத்தனார் மூக்கைச் சிந்தினாள். கச்சேரி போச்சே என்று மாமனார் டிரான்சிஸ்டரைத் தட்டிக்கொண்டிருந்தார். அவர்களுக்காவது வாய்விட்டுப் புலம்ப முடிந்தது. என் திட்டம் பாழானதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? மாமியார் அப்பளம் பொரித்துக்கொண்டு வந்து முதலில் எனக்குத்தான் கொடுத்தார். அதை மெல்லும்போது அழுகை முட்டியது. காரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அப்பளத்தில் என்ன காரம்!

ஆபீஸில் அவள் தினமும் கேட்டாள். அக்கா அவசரப்படுத்துகிறாள், வேறு யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார்கள் என்றாள். டைப் அடிப்பதை விட்டு நான் எழுந்து போய் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுவேன். வெளியே அத்தனை தண்ணீர் கொட்டுகிறபோது குழாய்த் தண்ணீரையும் வீணடித்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். ஒரு கேள்வி கேட்டுப் பதில் வாங்க இந்த ஊரில் எனக்கு நிற்க ஓர் இடமில்லை என்ற நினைப்பு என்னை விடவேயில்லை. செத்தால்தான் தனியாகப் படுக்க முடியும் போலிருக்கிறது என்றுகூட ஒரு நாள் பஸ்ஸில் நினைத்தேன். அப்போது எனக்கு வயது இருபத்தாறு.

மூன்றாவது ஞாயிறு பொறுக்க முடியாமல் அவரை இழுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. காய்கறி வாங்கிவருகிறோம் என்று வீட்டில் பொய். குளத்து மூலையில் ஆட்டோ பிடித்தோம்.

"இன்னாமா, இந்த மழையில பீச்சுக்கா?" என்றார் ஆட்டோக்காரர். "அங்க போலீசு நின்னுகினு கீதுமா. ஒருத்தரையும் வுட மாட்டேன்றான்."

பரவாயில்லை, போங்கள் என்றேன். ஆட்டோவிலேயே பேச வாயெடுத்தேன். அவர் ஆட்டோக்காரரைக் கண்ணால் காட்டி உதட்டில் விரல் வைத்தார். ஆட்டோக்காரர் சொன்னது சரிதான். லைட் ஹவுஸுக்கு முன்னாலேயே தடுப்பு போட்டிருந்தார்கள். இறங்கி, பூட்டியிருந்த ஒரு கடையின் ஓட்டுக்கடியில் ஒதுங்கினோம். பக்கத்தில் ஓர் ஆளில்லை. இதைவிட வேறென்ன வேண்டும்?

"அந்த ஆத்தைப் பத்தி..." என்று ஆரம்பித்தேன்.

"நீ தெப்பமா நனைஞ்சிருக்கே. ஜுரம் வந்துடும். வா, ஆத்துக்குப் போலாம்" என்றார். முந்தானையை எடுத்து என் தலையைத் துடைத்துவிட்டார். இத்தனை பிரியமான மனுஷரைக் குறை நினைக்கலாமா என்று நானே என்னைக் கடிந்துகொண்டேன். மழையைத்தான் வாயாரத் திட்டினேன்.

கார்த்திகையின் கடைசி ஞாயிற்றுக்கிழமை வெயில் அடித்தது. அதை நம்ப முடியாமல் காலையிலிருந்து மொட்டைமாடிக்கு ஏறி ஏறிப் பார்த்தேன். திங்கட்கிழமை காலை பதில் சொல்கிறேன் என்று ஆபீஸில் அவளிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லியிருந்தேன். சாயங்காலம் தலை வாரி, காய்ந்த புடவையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தால், எல்லாரும் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். மாமனார் கையில் குடை. நாத்தனார் கையில் பழைய போர்வை. மாமியார் கையில் தயிர்சாதம் நிறைந்த டப்பா.

வாரக்கணக்கில் அடைந்து கிடந்தவர்கள், பாவம், காற்று வாங்க அவர்களுக்கும் ஆசை இருக்காதா என்று தேற்றிக்கொண்டேன். அங்கே போனதும் அவரைத் தனியாகத் தண்ணீர் ஓரம் கூட்டிப்போய் நாலே வார்த்தையில் கேட்டுவிடலாம்.

கடல் இன்னும் செம்மண் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. கரை நெடுக ஆகாயத்தாமரையும் ஒற்றைச் செருப்புகளும் ஒதுங்கிக் கிடந்தன. ஊரே அங்கே கூடியிருந்தது. போர்வை விரித்து உட்காரும்போதே அவர் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தங்கையோடு அலைக்குப் போய்விட்டார். நான் எழுந்திருக்கப் போனேன். மாமியார் முழங்காலைத் தடவிக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"நான் வரலைன்னுதான் சொன்னேன். இந்த முட்டியை வெச்சுண்டு மணல்ல நடக்க முடியறதா? அவன்தான் விடலை. எல்லாருமாத்தான் போகணும்னு ஒத்தைக்கால்ல நின்னான். அப்பாவைக்கூட அவன்தான் வற்புறுத்தினான்."

சந்தோஷமாகத்தான் சொன்னார். பிள்ளைக்கு நம் மேல் எத்தனை அக்கறை என்ற பெருமை அந்தக் குரலில் இருந்தது.

நான் எழுந்திருக்கவில்லை. தண்ணீரில் நின்ற முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திருவான்மியூர் வீடு போனதுகூட அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இத்தனை வாரமாக நானும் அவரும் சேர்ந்து மழை விடக் காத்திருக்கிறோம் என்று நினைத்திருந்தேன். காத்திருந்தது நான் மட்டும்தான். ஒவ்வொரு ஞாயிறும் மேகத்தைப் பார்த்து அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நாத்தனாரோடு திரும்பி வந்தார். முழங்கால் வரை நனைந்திருந்தது. போர்வை ஓரத்தில் நின்றுகொண்டு, எல்லார் காதிலும் விழும்படி கேட்டார்:

"ஏதோ பேசணும்னு சொல்லிண்டே இருந்தியே, என்ன அது?"

மாமனார் திரும்பிப் பார்த்தார். நாத்தனார் கூந்தலைப் பிழிந்தபடி நின்றாள். "சொல்லேம்மா, என்ன?" என்று மாமியார் டப்பாவைத் திறந்துகொண்டே கேட்டார்.

"ஒண்ணுமில்லை" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே மணலில் காலை நீட்டி உட்கார்ந்தார். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.