பொள்ளாச்சியிலிருந்து வந்த எங்கள் தெரு இளநீர்

எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர்க் குழாய் கேட்டு மனு மேல் மனு கொடுத்துக் கை ஓய்ந்துபோனோம். தோல் பதனிடும் கழிவு மண்ணில் இறங்கி இறங்கி, கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது. வாயில் வைத்தால் குமட்டும். ஆம்பூரில் நான் ஷூ தைக்கும் கம்பெனிக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு துரை வருவார், தெருவைப் பார்ப்பார், மனசு வைத்தால் குழாய்க்குப் பணம் தருவார் என்றார் மேனேஜர். 'நீதியான, பசுமையான எதிர்காலம்' என்று பேனர் கட்டினார்கள். பேனர் பிளாஸ்டிக்தான்.

துரைக்கு பாட்டில் தண்ணீர் ஆகாதாம், பூமி கெட்டுவிடுமாம். அதனால் இளநீர் கொடுப்பதென்று முடிவானது. எங்கள் தெருத் தென்னையின் இளநீர் உப்புக் கரிக்கும், அணில்கூடத் தொடாது. மேனேஜரா அசருகிறவர்? பொள்ளாச்சி இளநீரை ஒரு வண்டி வரவழைத்து, எங்கள் மரத்தடியிலேயே குவித்து, அப்போதுதான் பறித்ததுபோல் சீவ ஆள் வைத்தார். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு அதை நீட்டுகிற வேலை எனக்கு.

துரை உறிஞ்சினார். கண்ணை மூடித் தலையாட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேனேஜர் பக்கம் திரும்பி, "சார், இது எங்க இளநீ இல்ல. எங்க தண்ணிய வாயில வெக்க முடியாது. அத்த அவருகிட்ட சொல்லுங்க" என்றேன். அந்த மகராசன் இங்கிலீஷில் பொழிந்து தள்ளினார். துரை எழுந்து என்னைப் பார்த்துக் கும்பிட்டார். என்னத்தைச் சொல்லித் தொலைத்தாரோ.

கொஞ்ச நாளில் தெரிந்தது. மண்ணுக்கடியில் இவ்வளவு இனிப்பான தண்ணீர் இருக்கும் இடத்துக்குக் குழாய் எதற்கு, பூங்கா வைத்துக் கொடுப்போம் என்றாராம் துரை. இதை எங்களிடம் வாயெல்லாம் பல்லாகச் சொன்னார் மேனேஜர்.

பூங்கா வந்தது. கிணற்றுத் தண்ணீரை விட்டதும் புல் கருகியது. புல் செத்தால் கம்பெனி மானம் என்னாவது? இப்போது தினமும் டேங்கர் லாரியில் நல்ல தண்ணீர் வருகிறது. நானும் பக்கத்து வீட்டு பாயம்மாவும் குடத்தோடு போய் நின்றோம். செடிக்கு வந்த தண்ணீர், ஆளுக்குக் கிடையாது என்று வாட்ச்மேன் கேட்டைச் சாத்தினார்.

பாயம்மா கம்பி வழியாகப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இந்தப் புல்லு யாருகிட்ட மனு குடுத்துச்சுன்னு கேளு. நாமளும் அங்கயே குடுப்போம்" என்றாள்.