செஞ்சிக் கோட்டைக்குப் போன சொஜ்ஜி

நெய்யில் ரவை வறுபடும் வாசனைதான் அன்று விடிவதற்கு முன்பே என்னை எழுப்பியது. கண் விழித்த கையோடு சந்தேகமும் விழித்துக்கொண்டது. அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டிலிருந்து எங்கே சுற்றுலா கிளம்பினாலும் அம்மா கட்டுவது புளிச்சோறும் தயிர்ச்சோறும்தான். கேசரிப் பவுடர் போட்டு, முந்திரி தூவி, நெய் மிதக்கக் கிண்டுகிற "சொஜ்ஜி" எங்கள் வீட்டில் ஒரே ஒரு காரணத்துக்காகத்தான் அடுப்பேறும். கலா சித்தியைப் பெண் பார்க்க யாராவது வர வேண்டும்.

கலா சித்தி அம்மாவின் தங்கை. எங்களோடு தங்கி, தொழிற்பேட்டையில் ஒரு துணிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் பஜ்ஜியையும் சொஜ்ஜியையும் ஒரு கை பார்த்துவிட்டு, "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று சொல்லிப் போனவர்கள்தான். ஒரு லெட்டரும் வந்ததில்லை, நிறம் கம்மி என்று தரகர் வாய்வழியாகத்தான் பிறகு தெரியவரும். கடைசியாக ஒரு குடும்பம் அப்படிப் போன அன்று, சித்தி தட்டை அடுப்பு மேடையில் ணங்கென்று வைத்து, "இனிமே எவன் முன்னாடியும் நான் தட்டு தூக்கிட்டு நிக்க மாட்டேன்க்கா. மீறிக் கூப்பிட்டா லேடீஸ் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன்" என்றாள். சித்தி சொன்னால் செய்வாள். தினமும் என் தலையைக் கோதித் தூங்க வைக்கிற கை அவளுடையது என்பதால், ஹாஸ்டல் என்ற சொல்லைக் கேட்டதுமே அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான், பக்கத்திலிருக்கும் ஏரியைக்கூட எனக்குக் காட்டாத அப்பா திடீரென்று, "பிள்ளைக்குச் சரித்திரம் தெரிய வேணாமா, செஞ்சிக் கோட்டையைப் பார்த்துட்டு வரலாம்" என்று கிளம்பினார். சரித்திரமாம்! எதற்கு சொஜ்ஜி என்று அம்மாவைக் கேட்டால், "வழியில பசிக்கும்ல, போய்ப் பல்லைத் தேய்" என்று விரட்டினாள். "ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கல்யாணத்தைப் பண்ணணும்" என்று அவள் அப்பாவிடம் கிசுகிசுத்ததும் என் காதில் விழாமலில்லை.

வேன் ஓட்ட வந்த திருவேற்காட்டுக்காரருக்கே பொறுக்கவில்லை. "இன்னாக்கா, மலை ஏறப் போறவங்க பட்டுப்பொடவை கட்டிகினு கீறீங்க? கல்யாணத்துக்கா போறோம்?" என்று சித்தியைக் கேட்டார். அம்மா முறைத்தாள், அவள்தான் வற்புறுத்திக் கட்டவைத்தாள். சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பூந்தமல்லி தாண்டி, செம்பரம்பாக்கம் தாண்டி, அம்மாவின் மடியிலிருந்த டிபன் கேரியரையும் சித்தியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே போனேன்.

மொட்டைப் பாறைகள் அடுக்கிய குன்றின்மேல் மதில் வளைந்து வளைந்து ஏறுவதையும், அடிவாரத்தில் குதிரை லாயமும் களஞ்சியமும் அரண்மனை இருந்த இடத்தில் மிஞ்சிய மேடையும் வெயிலில் கிடப்பதையும் பார்த்து மற்ற பிள்ளைகள் வாயைப் பிளந்திருப்பார்கள். நானோ ஒவ்வொரு வாசலிலும் மாப்பிள்ளையைத் தேடினேன். எதிரி எந்தப் பக்கமாக வருகிறான் என்று பார்க்கத்தானே கோட்டையே கட்டினார்கள்!

கல்யாண மகால் என்கிற அடுக்குமாடக் கட்டடத்தின் நிழலில் ஒரு குடும்பம் உட்கார்ந்திருந்தது. "அட, நீங்களா! என்ன ஒரு ஆச்சரியம்!" என்று அப்பா மேடை நாடகம் போலக் கத்தினார், பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்ல வேண்டாமா? அந்த வீட்டு அம்மாள் எழுந்திருக்கும் முன்பே சித்தியின் நடையைப் பார்த்தாள். முழுக்கைச் சட்டையும் புது ஷூவுமாக நின்ற அவள் மகன், கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் மதிலைப் பார்த்தார். அம்மா கேரியரின் மூடியில் கை வைத்தாள்.

"மொதல்ல மலை ஏறிட்டு வந்துடறேன்க்கா" என்றாள் சித்தி. கொசுவத்தைத் தூக்கிச் செருகி, என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பாதிப் படியில் நான் அழுதே விட்டேன். "சித்தி, அவங்க ஒன்னைத்தான் பாக்க வந்திருக்காங்க. நீ ஹாஸ்டலுக்குப் போயிடாத."

"நெய் வாசனை எனக்கு மட்டும் வராதாடி? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறா ஒங்கம்மா" என்றாள். தெரிந்தும் ஏன் வந்தாய் என்று கேட்டேன். "நான் கோட்டையே பார்த்ததில்லையே" என்றாள்.

பின்னாலேயே அந்த மனிதர் மூச்சு வாங்க ஏறி வந்தார். சித்தி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "பிடிக்கலன்னா இப்பவே எங்கிட்ட சொல்லிடுங்க. ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்னு மட்டும் சொல்லாதீங்க."

அவர் வாயைத் துடைத்துக்கொண்டார். "மேல்மலையனூர் கோயிலுக்குன்னு சொல்லித்தாங்க அம்மா கூட்டிட்டு வந்தாங்க. எனக்கு வேற ஒருத்தவங்களைப் பிடிச்சிருக்கு. வீட்ல சொல்லத்தான் தைரியம் வரல."

சித்தியின் முகம் சுருங்கியது. வலித்திருக்கும், வலிக்காமல் என்ன? பிறகு, "நேரா சொன்ன மொத ஆள் நீங்கதான். கீழ போய் உங்க அம்மாகிட்டயும் இதே மாதிரி சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள். உச்சியில் அடித்த காற்றில் அவள் முந்தானை என் முகத்தில் மோதிக்கொண்டே இருந்தது. அங்கே அவள் கொஞ்சம் அழுதாள்.

நாங்கள் இறங்கி வந்தபோது, முன்னாலேயே கீழே போன அவர் சொல்லி விஷயம் உடைந்திருந்தது. அந்தக் குடும்பம் பையைத் தூக்கிக்கொண்டிருந்தது, அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சித்தி கல்யாண மகால் படியில் சப்பணமிட்டு உட்கார்ந்து, கேரியரைத் திறந்து, சொஜ்ஜியைக் கையால் அள்ளி வாயில் போட்டாள். "இத்தனை வாட்டி கிண்டினியேக்கா, ஒரு வாய் எனக்குன்னு குடுத்திருக்கியா? நல்லாத்தான் இருக்கு." எல்லாரும் பார்க்க அந்த அடுக்கு காலியாகும்வரை தின்றாள், எனக்கும் ஊட்டினாள். அவள் ஹாஸ்டலுக்குப் போகவில்லை. அம்மாதான் அதன்பிறகு சொஜ்ஜி கிண்டவேயில்லை.

சித்தி இப்போது வேப்பம்பட்டில், தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டில், யாருக்கும் தட்டு தூக்காமல் இருக்கிறாள். லெட்டர் போடுகிறவர்களும் போய்விட்டார்கள், தரகரும் போய்விட்டார். ஜாதகமும் போட்டோவும் போனிலேயே வந்து போனிலேயே காணாமல் போகின்றன. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்க்கிற எனக்கு முப்பது நெருங்குகிறது. பெண் பார்க்கிற கூத்தெல்லாம் என் காலத்துக்குள் ஒழிந்துவிட்டது என்றுதான் நம்பியிருந்தேன். நேற்று அம்மா, "ஞாயித்துக்கிழமைதானே, சும்மா வேலூர் கோட்டையைப் பாத்துட்டு வரலாமா?" என்று கேட்டபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

இன்று காலை நெய்யில் ரவை வறுபடும் வாசனையில் விழித்தேன். படுத்தபடியே சித்திக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நானும் வரேன்டி" என்றாள். "ரெண்டு ஸ்பூன் எடுத்து வை."